சிவப்புத் துணி கட்டிய ஸ்டீயரிங்

லாரியிலிருந்து பலகை போட்டு அந்தப் பழைய பந்தய வண்டியை எங்கள் பட்டறைக்குள் உருட்டி இறக்கியபோது மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. நீள மூக்கு, திறந்த மேல்புறம், ஒரே ஒரு இருக்கை, அங்கங்கே உரிந்துபோன பச்சைப் பெயிண்ட். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த அறையின் புழுக்க வாடையும் பழைய கியர் ஆயிலின் கசந்த நாற்றமும் வண்டியோடு சேர்ந்து இறங்கின. உருட்டும்போதே பின்னால், இடது சக்கரத்துப் பக்கமிருந்து, 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு அப்போதே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பின் ஆக்சில் வேலை என்றாலே உயிரை வாங்கும்.

ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

பட்டறைக்காரர்களுக்கு அது என்ன என்று தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கப்போகிறவர் ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் படுப்பார். துணி இருக்கும்வரை யாரும் வண்டியில் ஏறக்கூடாது, சாவியைத் தொடக்கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். மேலே யாராவது அசைந்தால், அடியில் இருப்பவர் வண்டியின் தரைத்தகட்டை ஒரு தட்டு தட்டுவார். 'நான் இன்னும் இங்கேதான் இருக்கேன்' என்று அர்த்தம். வேலை முடித்து வெளியே வந்தால் இரண்டு தட்டு. இதில் யாரும் விளையாடுவதில்லை. விளையாடினவர்களை நாங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வதும் இல்லை.

"இது யாரு கட்டினது?" என்று லாரிக்காரரைக் கேட்டேன்.

"அப்படியேதாம்மா கிடந்துச்சு. நான் கைவைக்கலை."

துணி ஆயில் ஊறி, காய்ந்து, மரப்பட்டை மாதிரி இறுகியிருந்தது. முடிச்சில் நகம்கூட இறங்கவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள், இப்போதுதானே லாரியிலிருந்து இறங்கியிருக்கிறது! கத்தரியை எடுத்து வெட்டி, குப்பைத் தொட்டியில் போட்டேன்.

லாரிக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு, நனைந்தபடியே போய்விட்டார்.

வண்டி எனக்காக வரவில்லை. என் நாத்தனாருக்காக வந்தது. அவளை வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். தொழில், தண்ணீர் லாரி ஓட்டுவது. ஒருநாள் ஒரு குறுகிய சந்துக்குள் அவள் முழு லாரியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனதை ஒரு வயதானவர் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அவர்தான் இந்த வண்டியின் சொந்தக்காரர். பழைய வண்டிகளுக்கு என்று மலைப்பாதையில் வருஷம் ஒருமுறை நடக்கிற பந்தயத்தில் தன் வண்டியை அவள் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. பந்தயம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"பின் ஆக்சில்ல ஏதோ சின்னச் சத்தமாம் அண்ணி. நீங்க பார்த்தா ஒரு நாள் வேலை" என்றாள்.

"உங்க அண்ணனைக் கல்யாணம் பண்ணும்போதும் இப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க, சின்ன வேலைன்னு" என்றேன்.

என் வீட்டுக்காரர் லேத்தில் குனிந்தபடியே சிரித்தார். அவர் கடைசல் வேலை, நான் மெக்கானிக். ஒரே கூரைக்குள் இரண்டு தொழில், ஒரு சண்டை, ஒரு டீ ஃபிளாஸ்க்.

பெரியவருக்கு ஃபோன் போட்டேன். வண்டியைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டேன்.

"எங்க அண்ணன். அவர்தான் ஓட்டுவார், அவர்தான் ரிப்பேரும் பார்ப்பார். அதுக்கு அடியிலதான் போயிட்டார். ஜாக்கி சரிஞ்சிடுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாவம்" என்றார். அந்தப் பாவம் அண்ணனுக்கா, வேறு யாருக்கா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வேலையைத் தொடங்கினேன். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, என் துணியை ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டு அடியில் படுத்தேன். இடது சக்கரத்தைச் சுழற்றும் தண்டை, அந்த ஷாஃப்ட்டை, கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஒரு குறையும் இல்லை. நடுவில் இருக்கிற பல்சக்கரங்களின் இடைவெளியைச் சரி செய்தேன். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முடுக்கினேன். ஆயில் மாற்றினேன். எல்லாவற்றையும் மாட்டி, வெளியே கொண்டுபோய், தெருமுனை வரை ஓட்டினேன்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

டக்.

மறுபடி கழற்றினேன். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம், அதை ஷாஃப்ட்டோடு பூட்டிவைக்கிற சாவித்துண்டு, எல்லாம் புதிதாகப் போட்டேன். மாட்டினேன். ஓட்டினேன். டக். மூன்றாம் தடவையும் அதேதான். அன்று நான் திட்டிய திட்டைக் கேட்டு எதிர்க் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால், முந்தின நாள் நான் முடுக்கி வைத்துவிட்டுப் போன இடது பக்கம் அக்குவேறு ஆணிவேறாக இருந்தது. சக்கரம் சுவரில் சாய்த்திருந்தது. டிரம் பக்கத்தில். ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் தட்டின் நட்டுகள் எல்லாம் கழன்றிருந்தன. ஷாஃப்ட் மட்டும் உள்ளேயே இருந்தது.

"ஏங்க, இது என்ன வேலை?" என்று கத்தினேன்.

"நான் எதுக்கும்மா உன் வேலையில கைவைக்கப் போறேன்? கைவைச்சா கையை உடைச்சிடுவியே" என்றார் அவர்.

வாலுவைக் கேட்டேன். அவள் விடியற்காலையிலிருந்து லாரியில் தண்ணீர் அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஷட்டர் சாவி என் இடுப்பில் இருந்தது. பூட்டு உடையவில்லை.

திருட்டு என்றால் பொருளைக் கொண்டுபோயிருப்பான். குறும்பு என்றால் வீசி எறிந்திருப்பான். ஆனால் அந்த நட்டுகள் எல்லாம் சக்கர மூடியை மல்லாத்தி வைத்து, அதற்குள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் அதனதன் வாஷர். எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே வட்டமாக. ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக் வைக்கிற வைப்பு அது. நல்ல மெக்கானிக்.

எனக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. என் பட்டறையில், என் வேலையை, என்னைக் கேட்காமல் ஒருத்தன் திருப்பிச் செய்வதா? எல்லாவற்றையும் மறுபடி முடுக்கினேன். மறுநாள் காலை மறுபடி கழன்று, மூடிக்குள் அடுக்கி இருந்தது. அதற்கடுத்த நாளும். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மாதிரி.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் வாலு வேலை முடிந்து நேராக வந்தாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இரும்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வண்டி ஸ்டாண்டில் இருந்தது. அடியில் யாரும் இல்லை, அதனால் ஸ்டீயரிங்கில் துணியும் இல்லை. அவள் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாயாலேயே இஞ்சின் சத்தம் போட்டு, கியர் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, சும்மா இருங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

நான் இரண்டு டம்ளரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க அங்க இருக்கீங்களா?"

"பின்ன எங்க இருப்பேன்?"

"அப்ப கீழ யாரு?"

அவள் சொல்லி முடிக்கும்போது நானும் கேட்டேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, தரைத்தகட்டில், ஒரே ஒரு தட்டு. கோபமில்லை, அவசரமில்லை. தொழில்காரர் தட்டுகிற தட்டு.

நான் இன்னும் இங்கேதான் இருக்கேன்.

வாலு எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. இறங்கி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். டீ என் கையில் கொட்டிச் சுட்டது. குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் வெறும் சிமெண்டுத் தரை, நேற்றுச் சொட்டிய ஆயில். ஆனால் அந்தக் கசந்த நாற்றம் அங்கிருந்து மூச்சு விடுவது போல விட்டுவிட்டு வந்தது.

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலி பட்டறைப் பழக்கம் எல்லாம் படிச்சிருக்கா அண்ணி?" என்றாள் அவள். குரல் நடுங்கினாலும் வாய் குறையவில்லை.

இராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசுவதை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடாமல் மழை. பகலிலேயே பட்டறை இருட்டிக் கிடந்தது. மின்சாரமும் போய்விட்டது. டார்ச்சை ஆக்சில் மேல் வைத்துவிட்டு அடியில் படுத்தேன். பல்சக்கரங்களை மூடியிருக்கும் கூட்டின் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். இந்தப் பக்கம் நட்டைத் திருகினால் அந்தப் பக்கம் போல்ட்டின் தலை சேர்ந்து சுற்றும், அதை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆளாக இரண்டு கையும் எட்டாமல் நான் தோளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தூசி விழுந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்போது அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனர் போல்ட்டில் உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர்தான் மனசு கேட்காமல் வந்து படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தவள் நான், அதனால் நானே முதலில் பேசினேன். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

கெட்டியாகப் பிடித்தார். நான் திருகினேன். நட்டு அழகாக இறங்கியது. நான் அடுத்த நட்டுக்குப் போகும் முன்பே அந்தப் பக்கத்து ஸ்பேனர் அடுத்த போல்ட்டில் காத்திருந்தது. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் இவ்வளவு ஒத்துப்போய் வேலை செய்ததே இல்லையே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்படியே இடது பக்கத் தட்டுக்கு நகர்ந்தோம். நட்டை முடுக்கினேன். இப்போது போல்ட் சேர்ந்து சுற்றியது.

"பிடிங்கன்னா!"

பிடிக்கவில்லை. மறுபடி முடுக்கினேன். மறுபடி சுற்றியது. எரிச்சலில் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டுக் கழற்றுகிற பக்கம் திருகினேன். உடனே அந்தப் பக்கம் இரும்பாகப் பிடித்துக்கொண்டது. முடுக்கினால் விட்டுவிடுகிறது. கழற்றினால் பிடித்துக்கொள்கிறது. மூன்று நட்டிலும் சோதித்துப் பார்த்தேன், அதேதான்.

"என்னங்க, இதைக் கழற்றச் சொல்றீங்களா?"

"யாரு கூடம்மா பேசிட்டு இருக்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

குரல் தெருவிலிருந்து வந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

டார்ச் வெளிச்சம் ஆக்சிலில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து நாலு விரல்கள் கூட்டின் மேல் படிந்திருந்தன. ஆயில் கறுத்த, தடித்த விரல்கள். கட்டைவிரல் நகம் நசுங்கியிருந்தது.

விரல்கள் மெதுவாக விலகின.

நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். முழங்கை இரண்டும் உரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டார். இந்தத் தடவை அவர் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் வண்டியைப் பார்த்தபடி எட்டி உட்கார்ந்திருந்தோம்.

"பெரியவரோட அண்ணன் அந்த ஷாஃப்ட்டை வெளிய எடுக்கணும்னு சொல்றார். அவ்வளவுதான். அவர் செத்துப்போகும்போது பார்த்துட்டிருந்த வேலையும் அதுவாத்தான் இருக்கும்" என்றேன்.

"நீங்கதான் பார்த்தீங்களே அண்ணி, நல்லாத்தானே இருக்கு?"

"வெளிய தெரியற வரைக்கும் பார்த்தேன். பேரிங்கைப் பிடிச்சிருக்கிற இரும்பு வளையத்துக்கு அடியில என்ன இருக்குன்னு யாரு பார்த்தா? அந்த வளையத்தை அறுத்தாத்தான் தெரியும். அறுத்தா உங்க அண்ணன் புதுசாக் கடைஞ்சு, சூடு பண்ணி ஏத்தணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காது."

இந்தப் பந்தயத்துக்குப் போகாவிட்டால் வண்டி வேறு ஓட்டுநருக்குப் போய்விடும் என்று பெரியவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வாலுவுக்கு இன்னொரு பெரியவர் இன்னொரு வண்டி தரப்போவதில்லை. எனக்கும் அது தெரியும். ஆனால் மலைப்பாதையில், வளைவில், இடது சக்கரம் ஷாஃப்ட்டோடு கழன்று போனால் அவள் பள்ளத்தில் கிடப்பாள்.

"எடுங்க அண்ணி" என்றாள் கடைசியில். சொல்லிவிட்டு எழுந்து வெளியே மழையில் போய் நின்றுகொண்டாள்.

சனிக்கிழமை காலை பெரியவருக்குத் தகவல் சொன்னேன். பதினோரு மணி வாக்கில் அவரே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கைத்தடி, மந்தமான காது. வண்டிக்குப் பக்கத்தில் வராமல் வாசலிலேயே நின்று கத்தினார்.

"சத்தம் கேட்டா கேட்கட்டுமேம்மா! பழைய வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். அறுக்கிறதாவது! நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கு என் வண்டி ஓடும்னு."

"ஓடும் ஐயா. எங்க போய் நிக்கும்னுதான் தெரியலை."

"உன்னால முடியாதுன்னா சொல்லு, நான் வேற இடத்துக்குக் கொண்டுபோறேன்."

அவர் கண் ஸ்டீயரிங்குக்குப் போனது. முகம் மாறியது.

"அதுல ஒரு துணி இருந்துச்சே. யாரு அவிழ்த்தது?"

"நான்தான் வெட்டினேன். ஏன்?"

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரோடு மல்லுக்கட்டப் பொறுமையும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு, என் துணியை ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். கோபத்தில் ஒரு தப்பு செய்தேன். கை நுழைய இடம் வேண்டுமென்று இடது பக்க ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, வண்டியை ஜாக்கியில் மட்டும் நிற்க வைத்திருந்தேன். வேறு யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வாலு அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே மழை. நட்டுகளைக் கழற்றினேன். ஒவ்வொரு போல்ட்டையும் அந்தப் பக்கத்து ஆள் பிடித்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கண்ணை ஸ்பேனரிலேயே வைத்திருந்தேன்.

மேலே இருக்கை கிறீச்சிட்டது.

யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தரைத்தகட்டைத் தட்டினேன். கைத்தடி உள்ளே உரசுவது கேட்டது. மறுபடி தட்டினேன். "ஐயா! கீழ நான் இருக்கேன்!" மழைக்கும் லேத்துக்கும் நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏதோ ஒன்று என் முகத்துக்குப் பக்கத்தில் தரையில் வந்து விழுந்தது.

என் சிவப்புத் துணி.

வண்டி கியரில் இருந்தது. அவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார். முழு வண்டியும் ஒரு உலுக்கு உலுக்கியது. ஜாக்கி சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். ஆக்சில் என் நெஞ்சுக்கு நேராக இறங்கியது.

இறங்கி, நின்றது.

எதன் மேல் நின்றது? ஜாக்கி கவிழ்ந்து கிடந்தது. என்னை ஒட்டி, என் தோளோடு தோள் உரச, ஒரு ஆள் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஆக்சிலைத் தாங்கிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. அந்த நசுங்கிய கட்டைவிரல் நகம் தெரிந்தது. அந்தக் கசந்த மூச்சு என் காதில் பட்டது.

"போம்மா" என்றார்.

நான் புழுவாக நெளிந்து வெளியே வந்தேன். என் கால் வெளியே வந்ததும் வண்டி பின்னால் 'தொம்' என்று உட்கார்ந்தது. தரையே அதிர்ந்தது. லேத் நின்றது. வாலு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, அண்ணி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு துணி கட்டியிருந்தது. என்னுடையது இல்லை. என்னுடையது தரையில் கிடந்தது. இது பழசு, ஆயிலில் காய்ந்தது, நான் வெட்டிப் போட்டது. வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முடிச்சு, ஸ்டீயரிங்கில் ஒரு முடிச்சு.

"இது அண்ணன் போடற முடிச்சு" என்றார் பெரியவர்.

அவரை இறக்கித் தரையில் உட்கார வைத்தோம். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கும் துணி கட்டித்தான் இருந்துச்சு. அண்ணன் கை கழுவப் போயிட்டாருன்னு நினைச்சேன். ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்கலாம்னு அவிழ்த்துட்டு ஏறினேன். அவர் ஓட்டவே விடமாட்டார். ஸ்டார்ட் பண்ணினேன்." கைத்தடியைத் தரையில் படுக்க வைத்தார். "ஆளுங்க வர்றதுக்குள்ள நானே திரும்பக் கட்டிட்டேன். துணி இருந்தா, யாரும் வண்டியில ஏறலைன்னுதானே அர்த்தம். ஜாக்கி தானாச் சரிஞ்சதுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஷாஃப்ட்டை எடுத்தோம். வளையத்தை அறுத்தோம். அடியில், இரும்பைச் சுற்றி, முழு வட்டமாக ஒரு விரிசல். உள்ளே துரு ஏறிக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் நல்ல இரும்பு மீதி. என் வீட்டுக்காரர் அதை மேஜையோடு பொருத்திய இரும்புப் பிடியில் வைத்துச் சும்மா ஒரு தட்டு தட்டினார். இரண்டாகப் போயிற்று.

காலையிலிருந்து பந்தயம் போச்சே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வாலு, அந்த இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர் அதற்குப் பிறகு வரவில்லை. வண்டியை வாலுவே வைத்துக்கொள்ளட்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். புது ஷாஃப்ட் செய்யச் சரியான இரும்பு கிடைக்க மாதக்கணக்கில் அலைந்தோம். கிடைத்தது. கடைந்து, ஏற்றி, மாட்டினேன். இடது பக்க நட்டுகளை முடுக்கும்போது அந்தப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒரு நட்டும் அசையவில்லை.

ஆனால் அந்தப் பழைய துணி மட்டும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. நாங்கள் தொடவில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும்.

அடுத்த வருஷப் பந்தயம் நெருங்கிவிட்டது. வாலு தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மரியாதையாகத் தகட்டைத் தட்டிக் கேட்பாள்.

"முடிஞ்சுதா பெரியப்பா?"

அடியிலிருந்து ஒரு தட்டு வரும். ஒன்றுதான்.

"என்னதான் பண்றார் அண்ணி? நீங்க கொஞ்சம் கேளுங்களேன், உங்க கூடத்தான் பேசினார்" என்று என் உயிரை எடுப்பாள். நான் என்ன கேட்பது? இடது பக்கம் புதுசு. பல்சக்கரம் சரி. ஆயில் சொட்டவில்லை. எல்லாம் முடித்தாயிற்று, இன்னும் என்ன மிச்சம் என்று எனக்கும்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டீயரிங்கைப் பார்த்துத் திட்டக்கூடத் திட்டினேன்.

இன்று காலை ஷட்டரைத் தூக்கினேன்.

அந்தக் கசந்த நாற்றம் முகத்தில் அடித்தது. இடது சக்கரம் இருந்த இடத்தில் இருந்தது. வலது சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் சக்கர மூடி மல்லாந்து கிடந்தது. அதற்குள் வலது பக்கத்து நட்டுகள், துடைத்து, வாஷரோடு, வரிசையாக.

"அட மனுஷா, அந்தப் பக்கமுமா?" என்றேன்.

அடியிலிருந்து ஒரு தட்டு.

வேலைக்குப் போகிற வழியில் வாலு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் பையைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.